காமிரா மாஸ்டரின் கடைசிக் கணக்கு

ஏழு காமிராக்கள். ஒரு பழைய தகரப் பெட்டிக்குள் அவை ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் கிழிந்த வேட்டித் துணியில் சுற்றி, ஓர் அட்டைச் சீட்டும் கட்டியிருந்தது.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை, செங்கற்பட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள் அந்தப் பெட்டியை என் வீட்டு வாசலில் இறக்கி வைத்தார். மாஸ்டரின் மூத்த மகள் அவர். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

"அப்பா போறதுக்கு நாலு நாள் முன்னாலே சொன்னாரு. 'கடைக்கு வந்த பொருள் கடையோடு போகக் கூடாது. தம்பிகிட்டே கொடு. பத்திரிகைக்காரன், ஆளைத் தேடிப் பிடிச்சுக் கொடுத்திடுவான்'னாரு."

ஐப்பசி அடைமழையில் மாஸ்டர் காலமானார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. ஊரில் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். சொந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். பத்திரிகையில் தம் பெயர் வருவதை விட, தாம் பழுது பார்த்த காமிரா எடுத்த படம் வருவதுதான் அவருக்கு உசத்தி.

தோல் பையும் பூஞ்சக்காளானும்

2008-ம் ஆண்டில் நான் கல்லூரி மாணவன். என் தகப்பனார் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கிய யாஷிகா காமிரா பீரோவில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலை பின்னியது போல் ஏதோ படர்ந்திருந்தது. சென்னையில் இரண்டு கடைகளில் காட்டினேன். "டிஜிட்டல் வாங்கிக்கோங்க சார்" என்று இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். யாரோ சொல்லிச் செங்கற்பட்டுக்குப் போனேன்.

பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. அதில் எட்டடிக்கு ஆறடி அளவில் ஒரு கடை. போர்டு கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், நெற்றியில் ஒரு லென்ஸை ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காமிராவை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கணம் பார்த்தார்.

"எங்கே வெச்சிருந்தீங்க தம்பி?"

"பீரோவில்தான். தோல் பையிலே பத்திரமா வெச்சிருந்தோம்."

"அந்தப் பத்திரந்தான் அதைக் கெடுத்திருக்கு. தோல் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தா பூஞ்சக்காளானுக்குக் கல்யாண வீடு மாதிரி. கழுவினாப் போயிடும். ஆனா ரொம்ப நாள் இருந்திருந்தா அதோட அமிலம் கண்ணாடியையே அரிச்சிருக்கும். கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும். அரிச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. அப்போ கூலி கிடையாது."

ஒரு வாரம் கழித்துப் போனேன். லென்ஸ் பளிங்கு போலிருந்தது. ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு வடு. அதை அவரே விரலால் சுட்டிக் காட்டினார். காட்டாமல் விட்டிருந்தால் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"இது போகலை. படத்திலே தெரியாது. ஆனா உங்க பொருள்லே இப்படி ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

எங்கள் சிநேகிதம் அன்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், செங்கற்பட்டைத் தாண்டிப் போகும் சந்தர்ப்பம் வாய்க்கும்போதெல்லாம் அந்தக் கடைப் பெஞ்சியில் அரை மணி உட்காராமல் நான் வந்ததில்லை.

கடிகாரக் கடையில் படித்த பாடம்

மாஸ்டர் எட்டாவது வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். சிறு வயதில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் தண்ணீர் சுமக்கப் போனார். பிறகு ஒரு கடிகார ரிப்பேர்க்காரரிடம் சேர்ந்தார். இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்ததுதான் காமிரா ரிப்பேர் என்பார் அவர். அது உண்மை. பழைய காமிராவில் அரை வினாடி, கால் வினாடி என்று மெதுவாகத் திறந்து மூடும் ஷட்டருக்குள் இருப்பது, கடிகாரத்தில் இருப்பது போன்ற பல் சக்கரத் தொடர்தான். 'டிக்' என்று அது ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் அழுக்கு என்று அவர் சொல்லிவிடுவார்.

போட்டோக் கலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1839-ல் பாரிஸில் அந்த வித்தை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டு ஆவதற்குள், 1858-ல், லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்துவிட்டார். ஆனால் காமிரா சாமானியர் கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு அயல் நாட்டுக் காமிராக்களை இறக்குமதி செய்வதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. இந்தியாவிலேயே தயாரான ஆக்பா கிளிக்-3 என்ற எளிய பெட்டிக் காமிராதான் பல குடும்பங்களின் முதல் காமிரா. ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். பிலிமுக்கும் நாமே வழி செய்துகொள்ள வேண்டுமென்று 1960-ல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கக் கம்பெனி ஏற்பட்டது. 1967-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பதிந்த கல்யாணங்கள் தமிழ் நாட்டில் எத்தனையோ!

ஜப்பான் காமிராவும் ஜெர்மன் காமிராவும் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் வரும். இல்லாவிட்டால் சென்னை பர்மா பஜாரில் கிடைக்கும். காமிரா வரும், அதற்கு உதிரிப் பாகம் வராது. ஒரு சுருள் வில் ஒடிந்தால் ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பொருள் வெறும் பேப்பர் வெயிட்தான். மாஸ்டரைப் போன்றவர்களை அந்தத் தட்டுப்பாடுதான் உண்டாக்கியது. இல்லாத பாகத்தை அவர்கள் அரத்தால் ராவிச் செய்தார்கள். செத்த காமிராவிலிருந்து எடுத்து உயிருள்ளதற்குப் பொருத்தினார்கள். அப்படி எடுப்பதற்கு முன்பு, செத்த காமிராவின் சொந்தக்காரரிடம் மாஸ்டர் சம்மதம் கேட்பார். சம்மதம் கொடுக்காதவர் காமிராவிலிருந்து ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார்.

கிராமபோன் எதற்கு?

கடையில் ஒரு மூலையில் சாவி கொடுத்துச் சுற்றும் பழைய கிராமபோன் இருந்தது. பாட்டுக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். இசைத்தட்டு ஒன்றைக்கூடக் காணோம். கேட்டபோது சிரித்தார்.

"இதுதாங்க என் பரிசோதனைச் சாலை."

கறுப்பு அட்டையில் வெள்ளைக் கோடு ஒன்று வரைந்து, அதைக் கிராமபோன் தட்டில் வைத்துச் சுழல விடுவார். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். அதாவது வினாடிக்கு 468 பாகை. இருபத்தைந்தில் ஒரு பங்கு வினாடிக்கு ஷட்டரை வைத்துப் படம் எடுத்தால், வெள்ளைக் கோடு படத்தில் விசிறி போல் விரிந்து விழும். அந்த விசிறியின் அகலம் ஏறத்தாழப் பத்தொன்பது பாகை இருந்தால் ஷட்டர் சரி. அதிகமிருந்தால் ஷட்டர் சோம்பேறி, குறைந்திருந்தால் அவசரக்காரன். பள்ளிப் பிள்ளைகளின் கோணமானியை வைத்து அவர் அளப்பார். பல்லாயிரம் ரூபாய் இயந்திரம் செய்யும் வேலையைக் கிராமபோனும் கோணமானியும் செய்தன.

லென்ஸின் தூரக் கணக்கைச் சரி பார்க்கக் கொளவாய் ஏரிக் கரைக்குப் போவார். பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்த்த கண்ணாடியைப் பொருத்தி, ஏரிக்கு அப்பாலுள்ள குன்றுகளைப் பார்ப்பார். அவ்வளவு தொலைவிலிருந்து வரும் ஒளி லென்ஸுக்கு இணை கோடுகளாகத்தான் வந்து சேரும். குன்றின் விளிம்பு கண்ணாடியில் மயிரிழை போல் தெளிவாக விழுந்தால்தான் காமிரா கடைக்குத் திரும்பும். ஏரிக் கரையில் நடை பயிலுகிறவர்கள், இந்த மனிதர் தினமும் ஒரே குன்றைப் படம் எடுக்கிறாரே என்று வியந்ததுண்டு. அவர் படமே எடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

திருப்புளிகளைத் தாமே செய்துகொண்டார். தையல் மெஷின் ஊசியைச் சாணைக் கல்லில் தேய்த்து நுனி செய்வார். ஜப்பான் திருகின் கூட்டல் குறி வேறு, மற்ற நாட்டுத் திருகின் கூட்டல் குறி வேறு. பார்வைக்கு ஒன்று போலிருக்கும். தவறான திருப்புளியைப் போட்டால் தலை மழுங்கிவிடும். "மழுங்கின திருகைப் பார்த்தா, இதுக்கு முன்னாலே யாரோ அவசரப்பட்டிருக்காங்கன்னு அர்த்தம்" என்பார். ஷட்டர் இதழ்களில் எண்ணெய் விடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த இதழ்கள் உலர்ந்தே ஓட வேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒயிட் பெட்ரோலில் கழுவி எடுப்பதற்குள் ஒருநாள் போய்விடும்.

"ஆகாது" என்ற சொல்

ரிப்பேர்க்காரர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் சொல் "ஆகும்" என்பது. "ஆகும் சார், வெச்சிட்டுப் போங்க" என்பார்கள். வைத்துவிட்டுப் போனால் மாதம் மூன்று ஆகும். மாஸ்டரிடம் நான் அதிகம் கேட்ட சொல் "ஆகாது" என்பதுதான்.

ஒருமுறை ஓர் இளைஞர் வந்தார். மறுநாள் கல்யாணப் படம் எடுக்க வேண்டும். காமிராவின் ஷட்டர் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரிக்குள்ளே ஆகாது" என்றார். இளைஞர் இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்னார். "கூலிக்கு ஷட்டர் பயப்படாதுப்பா. நாளைக்குத் தாலி கட்டற நேரத்திலே நின்னு போச்சுன்னா அந்தப் பொண்ணுக்கு யார் பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு, தம்முடைய சொந்தக் காமிராவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வாடகை கேட்கவில்லை. "பிலிம் சுத்தறப்போ கையை அமுக்கிச் சுத்து" என்று மட்டும் எச்சரித்தார்.

நெஞ்சில் கள்ளமில்லாத மனிதர் என்று அவரை நான் புகழ வரவில்லை. அவருக்குக் கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. மகளுடைய கல்யாணச் செலவுக்காகக் கடையை விற்றுவிட்டு மொபைல் கடை வைக்கச் சொன்ன உறவினரோடு இரண்டு வருஷம் பேசாமலிருந்தார். ஆனால் வேலையில் பொய் கிடையாது.

காற்று மாறியது

கோடக் கம்பெனியின் எஞ்சினியர் ஒருவர் பிலிமே இல்லாத காமிராவை 1975-லேயே செய்து பார்த்துவிட்டார். அந்த விதை மரமாகி, விதைத்தவர் வீட்டையே சாய்த்தது. 2012 ஜனவரியில் கோடக் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதி மன்றத்துக்குப் போயிற்று. அதற்கு வெகு முன்பே செங்கற்பட்டுச் சந்தில் கூட்டம் குறைந்துவிட்டது. நான் மாஸ்டரைச் சந்தித்தபோது வாரத்துக்கு நாலைந்து காமிராக்கள் வந்துகொண்டிருந்தன. பிறகு மாதத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

அவரிடம் ஒரே ஒரு பையன் தொழில் கற்றான். பாதியில் விட்டுவிட்டு மொபைல் ரிப்பேருக்குப் போய்விட்டான். மாஸ்டர் அதற்கு வருத்தப்படவில்லை. அதே சந்தில் இன்று அந்தப் பையன் பெரிய கடை வைத்திருக்கிறான். பூதக்கண்ணாடிக்குக் கீழே போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, கழற்றிய திருகுகளை ஒரு வெள்ளைத் தாளில், எந்த இடத்திலிருந்து கழற்றினானோ அந்த இடத்திலேயே வரிசையாக அடுக்குகிறான். "மாஸ்டர் பழக்கிக் கொடுத்தது சார். திருகு தொலைஞ்சா நம்பிக்கை தொலைஞ்சதுன்னு அடிப்பாரு" என்றான். காமிரா ரிப்பேர் அவனோடு வரவில்லை. திருகு அடுக்கும் பழக்கம் வந்திருக்கிறது.

பெட்டியோடு புறப்பட்டேன்

பெட்டி என் கையில் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். ஏழு சீட்டுகளில் முதலாவது செங்கற்பட்டிலேயே இருந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியருடையது. அதைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, காமிராவைப் பார்க்காமல் அட்டைச் சீட்டையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் கையெழுத்து" என்றார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாம்.

அங்கிருந்து கிழக்கே, மாமல்லபுரம் போகும் சாலையில் திருக்கழுக்குன்றம். மலைக் கோயிலுக்கு நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சோறு உண்டு போகும் காட்சியைக் காண ஒரு காலத்தில் உலகமெங்கிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். பெயர்தான் கழுகு, உண்மையில் அவை மஞ்சள் முகப் பாறுகள். 1990-களின் கடைசியிலிருந்து அவை வருவதில்லை. அந்தப் பறவைகளைப் படம் எடுத்து யாத்திரிகர்களுக்கு விற்றவர் ஒருவரின் இரட்டை லென்ஸ் யாஷிகாதான் இரண்டாவது சீட்டு. 'கழுகு இறங்கும்போது 500-ல் ஷட்டர் தடுமாறுகிறது' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, வேறு மையில், 'சரி செய்தாயிற்று. கழுகு வரவில்லை என்கிறார்' என்று ஒரு வரி.

அவர் காலமாகிவிட்டார். சங்கு தீர்த்தக் குளத்தை அடுத்த தெருவில் அவருடைய மனைவி இருந்தார். "ரிப்பேர் ஆகியும் ஏன் வாங்கப் போகலை?" என்று கேட்டேன். "எதுக்குப் போறது? படம் எடுக்கப் பறவை வேணுமே" என்றார். சீட்டில் பாக்கி நாற்பது ரூபாய் என்றிருந்தது. வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் நாற்பது ரூபாயை என் சட்டைப் பையில் போட்டார். "கணக்கு முடியணும்ப்பா."

கல்லையும் தின்னும் உப்பு

மாமல்லபுரத்தில் மூன்று சீட்டுகள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைக் கல் ஆகிய இடங்களில் சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள் அந்த மூவரும். பாறையைத் தம் கையால் தாங்குவது போல் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் உண்டா? ஒரு காலத்தில் அந்தப் படம் தபாலில்தான் வீடு வந்து சேரும்.

மாஸ்டரின் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் இந்தக் கடற்கரைக்காரர்கள். காரணம் உப்புக் காற்று. அது திருகை அரிக்கும். மின் தொடர்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படியும். "கோயிலைக் கட்டின ராஜசிம்ம பல்லவனுக்கே பிடிபடாத எதிரி தம்பி, நான் எம்மாத்திரம்" என்பார் மாஸ்டர். அது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கடற்கரைக் கோயிலின் கல்லை அந்த உப்பு தின்றுகொண்டேயிருக்கிறது. தொல்பொருள் இலாகாவினர் நனைத்த காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்புகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள்ளிருக்கும் உப்பை வெளியே இழுத்துக்கொள்ளும். பிறகு அதை உரித்தெடுத்துவிட்டு மறுபடி அப்புவார்கள். ஒரு தடவை செய்து முடிகிற வேலையல்ல. மாஸ்டர் ஒருமுறை அதை நேரில் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கோயிலையும் தம் தொழிலையும் ஒரே கட்டில் சேர்த்துவிட்ட பெருமை அவருக்கு.

மூவரில் ஒருவர் இப்போது டிஜிட்டல் காமிராவும், தோள்பையில் சின்ன பிரிண்டருமாக அதே இடத்தில் நிற்கிறார். ஒருவர் இளநீர்க் கடை வைத்திருக்கிறார். மூன்றாமவர் சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகேற்றுகிறார். மூவரும் பழைய காமிராவை வாங்கிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இன்னும் வெச்சிருந்தாரா?"

உப்பு நீர். ஆகாது.

ஆறாவது சீட்டு எனக்குப் புதிராக இருந்தது. சதுரங்கப்பட்டினத்தை அடுத்த ஒரு மீனவர் குப்பத்தின் விலாசம். அதில் மூன்றே வாக்கியங்கள்: 'உப்பு நீர். ஆகாது. கூலி வாங்கியாயிற்று.'

ஆகாத காமிராவுக்கு மாஸ்டர் கூலி வாங்கியதை நான் கண்டதில்லை. துணியைப் பிரித்துப் பார்த்தேன். பென்டாக்ஸ் கே-1000. எங்கும் துரு. எந்தச் சக்கரமும் அசையவில்லை. இதைப் போய் யாரிடம் கொடுப்பது, என்னவென்று சொல்லிக் கொடுப்பது என்ற தயக்கத்தோடுதான் அந்தக் குப்பத்துக்குப் போனேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், காமிராவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிறகு வீட்டுக்குள் அழைத்துப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். ஒரு மூதாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம். வலது கன்னத்தருகே கறை. ஓரமெல்லாம் வெடித்த நிலம் போல் கோடுகள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. சிரிக்க வேண்டாமென்று நினைத்தும் அடக்க முடியாமல் சிரித்த முகம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். அவர் அப்போது மாமல்லபுரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். முந்திய நாள் ஒரு சுருளில் பாதி எடுத்திருந்தார். காமிரா வீட்டு மாடத்தில் இருந்தது. காலையில் தாயார் கருவாடு காய வைக்கக் கரைக்குப் போனார். கடல் வந்தது. தாயார் திரும்பவில்லை.

மூன்று நாள் கழித்து, இடிந்த சுவருக்கடியில் ஈரச் சேற்றிலிருந்து காமிரா கிடைத்தது. சுருளின் முதல் படம் அம்மாவுடையது என்று அவருக்கு நினைவு வந்தது. புதுச் சுருள் போட்டவுடன் ஒளி பார்ப்பதற்காகச் சும்மா எடுத்த படம். அம்மாவின் வேறு படமே வீட்டில் இல்லை. இருந்தவற்றைக் கடல் எடுத்துக்கொண்டது. மாலை போட ஒரு முகம் வேண்டும். இரண்டு ஸ்டூடியோக்களில், பிலிம் போய்விட்டது என்று கைவிரித்தார்கள். செங்கற்பட்டுக்குப் போனார்.

"மாஸ்டர் காமிராவைத் திறக்கலைங்க. என் மூஞ்சியைப் பார்த்தாரு. 'உனக்குக் காமிரா வேணுமா, படம் வேணுமா? ரெண்டும் கிடைக்காது. ஒண்ணுக்குத்தான் வழி இருக்கு'ன்னாரு. படம்னேன்."

காமிராவைக் காப்பாற்ற வேண்டுமானால் உடனே பிரித்து உலர்த்த வேண்டும். ஆனால் நனைந்த பிலிமை உலர விட்டால் சுருளின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. ஆகவே மாஸ்டர் காமிராவை முழுசாக ஒரு வாளி நல்ல தண்ணீரில் அமிழ்த்தினார். சேறு கலங்கும்போதெல்லாம் தண்ணீரை மாற்றினார். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொன்னார். ஊறிப்போன பிலிமின் ஜெலட்டின் பூச்சு சூடு பட்டால் கரைந்துவிடும் அல்லவா? கடை விளக்கை அணைத்து, கதவிடுக்குகளில் துணியை அடைத்து, இருட்டில் காமிராவின் முதுகை நெம்பித் திறந்து, தண்ணீருக்கு உள்ளேயே பிலிமைச் சுற்றியெடுத்தார். அது வண்ணப் பிலிம். வண்ணம் இனி தேறாது என்று கணித்து, கறுப்பு வெள்ளைக்குரிய ரசாயனத்தில் அதைக் கழுவினார். பதினெட்டுப் படங்களில் ஐந்து தேறின. அவற்றில் முதல் படமும் ஒன்று.

"விடியக்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டுக் காட்டினாரு. நெகடிவ்லே அம்மா தலைமயிர் வெள்ளையா, முகம் கறுப்பாத் தெரிஞ்சுது. அப்பவும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுது."

கூலி எவ்வளவு என்று கேட்டாராம். மாஸ்டர் இருபத்தைந்து ரூபாய் என்றார். அந்த நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்: அரிசி, வேட்டி, பாய். இவர் மட்டும் கூலி கேட்கிறாரே என்று அவருக்குச் சுருக்கென்றது.

"மூஞ்சியிலேயே தெரிஞ்சிருக்கும் போல. 'தம்பி, ஒரு மாசமா நீ கையேந்தியே வாங்கப் போறே. உங்க அம்மா படமும் அந்தக் கணக்கிலே சேர வேண்டாம். இது நீ கூலி கொடுத்து வாங்கினது'ன்னாரு. கொடுத்தேங்க. அன்னியிலேருந்து இந்தப் படத்துக்கு முன்னாலே நிமிர்ந்துதான் நிக்கறேன்."

காமிராவைத் திரும்ப வாங்க அவருக்கு மனம் வரவில்லை. கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். எடுத்துக்கொள்ளும்படி மாஸ்டரிடம் சொல்லவுமில்லை. அதனால் இருபது வருஷமாக ஒரு திருகுகூடக் கழற்றப்படாமல் அது வேட்டித் துணியில் கிடந்திருக்கிறது.

பதினைந்து ஆண்டுச் சிநேகிதத்தில் இந்தச் சம்பவத்தை மாஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பத்திரிகைக்காரன் என்பதால்தானோ என்னவோ.

அவர் காமிராவைப் பேரன் கையில் கொடுத்தார். பையன் ஷட்டரை அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை. "ரிப்பேர் பண்ண முடியாதா தாத்தா?" என்றான்.

"ஆகாதுடா. ஆனா அது வேலையை முடிச்சிட்டுத்தான் நின்னுச்சு."

ஏழாவது சீட்டு

ஆறு காமிராக்கள் உரிய இடம் சேர்ந்துவிட்டன. ஏழாவது இதோ, இதை எழுதும்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஆக்பா கிளிக்-3. சீட்டில் பெயர் எழுதிய இடத்தை மழை நீர் கரைத்துவிட்டது. '1987. பாலாற்றங்கரை. கல்யாணம்' என்ற எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. கதவின் உட்புறத்தில் யாரோ ஊசியால் இரண்டு எழுத்துகள் கீறியிருக்கிறார்கள். ஷட்டரை அழுத்திப் பார்த்தேன். ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. மாஸ்டர் தம் வேலையை முடித்துத்தான் வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் வாசகர்களில் யாராவது, அல்லது அவர்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது, 1987-ல் செங்கற்பட்டுச் சந்தில் ஒரு கிளிக்-3 காமிராவை ரிப்பேருக்குக் கொடுத்ததுண்டா? அந்த இரண்டு எழுத்துகள் எவை என்று சொன்னால் போதும், காமிராவைக் கொடுத்துவிடுகிறேன். கூலி பாக்கி பன்னிரண்டு ரூபாய்.

அந்தப் பன்னிரண்டு ரூபாயையும் திருக்கழுக்குன்றத்து நாற்பது ரூபாயையும் மாஸ்டரின் மகளிடம் சேர்க்க வேண்டும். கணக்கு முடிய வேண்டுமல்லவா?